பட்டன் போன் தியாகி

எங்கள் கல்லூரி அலுவலகத்தில் புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும், என்னை அறிமுகப்படுத்தும்போது ஒரு வரியைச் சேர்த்துச் சொல்வார்கள். "சார் இன்னும் பட்டன் போன்தான் வச்சிருக்காங்க." சொல்கிறவர் குரலில் பாதி கேலியும் பாதி மரியாதையும் இருக்கும். நான் மரியாதையை மட்டும் எடுத்துக்கொள்வேன். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் சிரிப்பேன். முற்றும் துறந்தவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று எனக்கு ஓர் அபிப்பிராயம்.

துறந்தது எதுவும் இல்லை. ஆரம்பத்தில் காரணம் வெறும் கஞ்சத்தனம். நமக்கு வருகிற அழைப்புக்கும் நாமே காசு கட்டவேண்டியிருந்த காலத்தில் செல்போன் வைத்திருந்த சிநேகிதர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டவன் நான். 2003 மே மாதம் இன்கமிங் இலவசமானது. இனி பிறர் காசில் பேசலாம் என்கிற தெளிவு வந்த பிறகுதான் நானும் ஒன்று வாங்கினேன். நோக்கியா 1100. அவுட்கோயிங் என்பதை வாங்கிய நாளிலிருந்தே தீயணைப்பு வண்டி வரிசையில்தான் வைத்திருந்தேன். வீட்டுக்கு ஒரு ரிங் விட்டுக் கட் செய்தால் 'கிளம்பிவிட்டேன்' என்று அர்த்தம். இரண்டு ரிங் விட்டால் 'வண்ணார்பேட்டை தாண்டியாச்சு, தோசைக்கல்லைப் போடு'. ஒருநாள் மனைவி அவசரப்பட்டு இரண்டாவது ரிங்கில் எடுத்து "சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாள். போன ஒரு நிமிஷக் காசுக்காக ராத்திரி சாப்பிட்டு முடிக்கிற வரை முனகிக்கொண்டிருந்தேன். தோசையும் அன்றைக்குக் கருகித்தான் வந்தது.

அந்த 1100-ஐப் பற்றிக் குறைத்துச் சொல்ல இன்றைக்கும் மனம் வராது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. தூசி உள்ளே போகாத ரப்பர் கீபேடு, தலையில் டார்ச். மாடிப்படியில் விழுந்தால் மூடி ஒரு பக்கம், பேட்டரி ஒரு பக்கம், போன் ஒரு பக்கம் என்று தெறிக்கும். பொறுக்கி மாட்டினால் திரையில் அந்த இரண்டு கைகள் வந்து ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். 2006-இல் நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியபோது ஏதோ நான்தான் நிலம் எழுதிக் கொடுத்தவன் மாதிரி பெருமைப்பட்டேன். ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். 2014 நவம்பரில் அந்த ஆலை நின்றுபோனது. வரித் தகராறு, கம்பெனியின் போன் வியாபாரம் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறியது என்று காரணங்கள் பல. ஊரே டச் போனுக்கு மாறிவிட்டது என்பதும் அவற்றில் ஒன்று. எனக்கு மட்டும் அது உறைக்கவில்லை. 1100 உழைத்து ஓய்ந்ததும் அதன் வாரிசான 105-ஐ வாங்கிக்கொண்டு, என் பாட்டுக்கு இருந்தேன்.

கஞ்சத்தனம் எப்போது கொள்கையாக மாறியது என்றால், 2016 செப்டம்பரில் என்று சொல்லலாம். ஜியோ வந்து டேட்டாவைச் சும்மாவே அள்ளிக் கொடுத்தது. காசு என்கிற காரணம் அன்றோடு செத்துப்போனது. எனக்கு அவசரமாக வேறு காரணங்கள் தேவைப்பட்டன. கண்ணுக்குக் கெடுதல் என்றேன். கவனம் சிதறும் என்றேன். 'தனியுரிமை' என்கிற சொல்லை எங்கள் அலுவலகத்தில் முதன்முதலாகச் சொன்னவனே நான்தான். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமைதான் என்று தீர்ப்புச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது பேரும் பட்டன் போன் பக்கம் என்றே பேசிக்கொண்டு திரிந்தேன். 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி, பட்டன் போன்காரர்களும் பணம் அனுப்ப யூ.பி.ஐ. 123 பே என்று ஒரு வசதியைக் கொண்டுவந்தது. அதைப் பற்றி டீக்கடையில் நான் செய்த பிரசங்கங்களை ரிசர்வ் வங்கிகூடச் செய்திருக்காது. நான் அதில் ஒரு பைசா அனுப்பியதில்லை.

இத்தனையும் பேசியவன் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தது எப்படி என்று கேளுங்கள். அக்கா மகன் போனில். மின்கட்டணம் மனைவி போனில். கொரோனா ஊரடங்கில் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் கேட்டார்களே, மதுரையில் ஒரு துக்க வீட்டுக்குப் போக எனக்கு இ-பாஸ் எடுத்துத் தந்தது எதிர்வீட்டுப் பையன். தடுப்பூசிச் சான்றிதழ் மகள் போனில் இருந்தது. ஒரு மண்டப வாசலில் அதைக் கேட்டபோது மகளுக்கு போன் போட்டு, "வாசல்ல நிக்கிற தம்பிகிட்ட நீயே சொல்லும்மா" என்று நீட்டினேன். அந்தத் தம்பி நல்ல பிள்ளை. கேட்டுவிட்டு உள்ளே விட்டான்.

அலுவலக வாட்ஸ்அப் குழுவில் வருவதை எனக்குப் படித்துச் சொல்வது டைப்பிஸ்ட் அம்மாளின் எழுதப்படாத வேலையாகிவிட்டது. அவர் லீவில் இருந்த ஒரு கார்த்திகை மாதத்து மழைநாளில், கலெக்டர் விடுமுறை விட்டது தெரியாமல் குடையும் டிபன் பாக்ஸுமாகப் போய்ப் பூட்டிய கேட்டின் முன்னால் நின்றேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "சார்வாள், வாட்ஸ்அப் பாக்கலியா?" என்றார். அவர் கையில் இருந்த டச் போன் எங்கள் பிரின்சிபால் போனைவிடப் பெரிது.

டீக்கடை விஷயத்தைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. சில்லறை இல்லை என்று மாஸ்டர் கையை விரித்தால், பக்கத்தில் நிற்பவர் "விடுங்க சார், நான் அனுப்பிருதேன்" என்று ஸ்கேன் செய்துவிடுவார். அப்படிப் பாளையங்கோட்டையில் எனக்கு டீ வாங்கித் தந்தவர்கள் எத்தனை பேர் என்று என்னிடம் கணக்கில்லை. கல்லூரியில் நான் இருப்பது கணக்குப் பிரிவில்.

அதாவது, டேட்டா அவர்களுடையது, நேரம் அவர்களுடையது, பெருமை மட்டும் என்னுடையது. இதை நானாகக் கண்டுபிடித்ததாக நினைக்காதீர்கள். மனைவி சொன்னதுதான். இவ்வளவு அலங்காரமாகவும் அவள் சொல்லவில்லை. "ஒங்க ஒத்தை பட்டன் போன ஓட்டுததுக்கு நாங்க நாலு பேரு டச் போன் வச்சிருக்கோம்" என்றாள்.

அப்போதும் நான் அசையவில்லை. என்னை அசைத்தது 2023 டிசம்பர் வெள்ளம். 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் நின்றது. கரண்ட் போனது, தெருவில் ஒவ்வொரு டச் போனாக அணைந்தது. என் 105 மட்டும் மூன்று கட்டைக்குக் குறையாமல் நிமிர்ந்து நின்றது. இத்தனை வருஷம் எந்த நாளுக்காகக் காத்திருந்தேனோ அந்த நாள் வந்துவிட்டது என்று வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் பேசக் கொடுப்பதாக உத்தேசம். டவர் இல்லை. சார்ஜ் இருந்து என்ன செய்ய? பாம்பு விளையாட்டு விளையாடினேன். மறுநாள் டவர் வந்ததும் எதிர்வீட்டுப் பையன் கார் பேட்டரியில் போட்டுச் சார்ஜ் ஏற்றிய தன் போனைக் கொண்டுவந்து, "மாமா, ஒங்க அக்கா வீட்டு மாடில எல்லாரும் பத்திரமா இருக்காங்களாம், போட்டோ வந்திருக்கு" என்று காட்டினான். என் போனில் போட்டோ வராது. பாம்புதான் வரும்.

தை பிறந்ததும் ஸ்மார்ட்போன் வாங்குவது என்று முடிவு செய்தேன். முடிவு செய்ததற்கும் வாங்கியதற்கும் நடுவில் ஆடி வந்துவிட்டது.

அந்த இடைவெளியில் நான் செய்ததற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருந்தேன். மதிய இடைவேளையில் அலுவலகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, நீளமான கணக்கு நோட்டில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். ஜாதகம் பார்க்கிறவரிடம் கொடுத்திருந்தால் பொருத்தம் சொல்லியிருப்பார், அப்படிக் கட்டங்கள். ராம், பிராசஸர், பேட்டரி, கேமரா, திரை வெளிச்சம். சாதகமானது நீல மை, பாதகமானது சிவப்பு மை.

படிக்கப் படிக்க ஞானம் ஏறியது. 108 மெகாபிக்சல் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள்; ஆனால் வழக்கமாக எடுக்கிற படத்தில் ஒன்பது புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சலாகத்தான் கொடுக்கும் என்று தெரிந்துகொண்டேன். பின்பக்கம் மூன்று கண் முழித்துப் பார்க்குமே, விலை மலிந்த போன்களில் அதில் ஒன்றிரண்டு வெறும் 2 மெகாபிக்சல், பேருக்கு வைத்தது. 8 ஜி.பி. ராம் என்று எழுதி, கீழே பொடி எழுத்தில் 4+4 என்று போட்டிருந்தால் அதில் பாதி, ஸ்டோரேஜிலிருந்து கைமாற்று வாங்கினது. கணக்குப் பிரிவுக்காரனிடமா இந்த வேலை? வெளிச்சத்தை 'நிட்' என்ற அளவில் சொல்கிறார்கள். விளம்பரத்தில் போடுகிற உச்ச வெளிச்சம் பல போன்களில் திரையின் ஒரு சிறு பகுதிக்கு மட்டும், கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கிடைப்பது. அதற்கும் ஒரு சிவப்பு. போன் விடுகிற கதிர்வீச்சுக்கு நம் நாட்டில் கிலோவுக்கு 1.6 வாட் என்று உச்சவரம்பு உண்டு; *#07# அடித்தால் பெரும்பாலான போன்கள் தங்கள் அளவைக் காட்டும். மனைவி போனில் அடித்துப் பார்த்து, பிரஷர் பார்த்துச் சொல்கிற டாக்டர் முகத்தோடு, "பயப்பட ஒண்ணுமில்ல" என்றேன். அவள் பயந்திருக்கவே இல்லை.

5ஜி இந்தியாவுக்கு வந்தது 2022 அக்டோபரில். எந்தக் கம்பெனி எந்த அலைவரிசையில் ஓட்டுகிறது, என்78 இருந்தால் போதுமா, என்28-உம் வேண்டுமா என்பதையெல்லாம் தலைகீழாக ஒப்பிப்பேன். எங்கள் தெருவில் 4ஜி-க்கே மொட்டைமாடிக்குப் போகவேண்டும்.

எல்லாவற்றிலும் உருப்படியாக ஒன்று தெரிந்துகொண்டேன் என்றால் அது அப்டேட் சமாசாரம். போன் உடையாமல் இருந்தாலும், கம்பெனி பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிட்டால் அதில் பேங்க் வேலை செய்வது யோசிக்க வேண்டிய விஷயம். 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8-க்கும் 2024 ஜனவரியில் வந்த சாம்சங் எஸ் 24-க்கும் ஏழு வருஷம் தருவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏழு வருஷம் கழித்து நான் ரிட்டயர் ஆகியிருப்பேன், போன் சர்வீஸில் இருக்கும். ஆனால் அவற்றின் விலை என் பட்ஜெட்டைப் போலப் பல மடங்கு. என் விலைக்குள் வருபவற்றில் பல, இரண்டு மூன்று வருஷத்தோடு கைகழுவுகிற ரகம். இதை நோட்டில் அடிக்கோடிட்டு, இரண்டு நட்சத்திரம் போட்டு எழுதி வைத்தேன். பிற்பாடு என்ன ஆயிற்று என்று சொல்கிறேன்.

இதற்குள் நான் போன் நிபுணன் என்று அலுவலகத்தில் பெயர் பரவிவிட்டது. நோட்டைக் காட்டி யோசனை கேட்டு வந்தார்கள். டைப்பிஸ்ட் அம்மாள் நான் சொன்னதை வாங்கினார், திருப்தியாக இருக்கிறார். லேப் அசிஸ்டன்ட் வாங்கினார். எலக்ட்ரீஷியன் வாங்கினார். எனக்கு மட்டும் இன்னும் ஒரு மாசம் பொறுத்தால் விலை இறங்கும் என்று பட்சி சொல்லிக்கொண்டே இருந்தது. இப்படி வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டதில் நான் அடைந்த லாபம் ஒன்று உண்டு. 2020 ஏப்ரலில் செல்போனுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதற்கு முன்னால் வாங்கியிருந்தால் அந்த ஆறு சதவீதம் மிச்சம்.

அக்கா மகன் ஒருநாள் நோட்டைப் புரட்டிப் பார்த்தான்.

"ஒங்களுக்கு எதுக்கு மாமா 120 ஹெர்ட்ஸ்?"

"ஸ்க்ரோல் பண்ணும்போது வழுவழுன்னு போகும்லா."

"எதை ஸ்க்ரோல் பண்ணப் போறீங்க?"

நான் நோட்டை வாங்கி மூடிவிட்டேன். அவன் சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும் என்று அப்போது நினைத்தேன். ஒரு போனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய அத்தனையும் அந்த நோட்டில் இருந்தது. வாங்கப் போகிறவன் அதை வைத்து என்ன செய்வான் என்பதற்கு மட்டும் ஒரு கட்டம் கிடையாது.

ஆடித் தள்ளுபடி போர்டு தொங்க ஆரம்பித்ததும், நோட்டை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். சீருடை போட்ட ஒரு பெண் வந்தாள். "வாங்க சார், பட்ஜெட் எவ்வளவு?"

"பட்ஜெட் இருக்கட்டும். இதுல ஸ்டோரேஜ் யூ.எஃப்.எஸ்.ஸா, இ.எம்.எம்.சி.யா?"

அவள் "ஒரு நிமிஷம் சார்" என்று உள்ளே போய் ஒரு பையனைக் கூட்டிவந்தாள். அவன், "இதுல எல்லாமே இருக்கு சார்" என்றான். அடுத்து நான் நிட் கேட்டேன். அவன் மேனேஜரைக் கூட்டிவந்தான். மேனேஜர் என் மஞ்சப்பையைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். "அண்ணாச்சி எந்தக் கம்பெனில இருந்து வாரீங்க?" என்றார். போட்டிக் கம்பெனி வேவுக்காரன் என்று நினைத்திருக்க வேண்டும். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டுகளில் அது ஒன்று.

அந்தப் பெண்தான் காரியத்துக்கு வந்தாள். "இப்ப வச்சிருக்க போன்ல என்னென்ன பண்ணுவீங்க சார்?"

"பேசுவேன்."

"அப்புறம்?"

"அலாரம் வைப்பேன். டார்ச் அடிப்பேன்." பாம்பைப் பற்றிச் சொல்லவில்லை.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. நோட்டில் முதல் இடத்தில் இருந்த மாடலின் பெயரைக் கம்பீரமாகச் சொன்னேன். "அது போன மாசத்தோட நின்னுபோச்சு சார்." இரண்டாவது இடம்? "அதுக்கு அடுத்த மாடல் வந்திருச்சு சார்." வந்திருக்கிற மாடல் என் நோட்டில் இல்லை. மூன்றாவது, நான்காவது என்று இறங்கிக்கொண்டே போனேன். நான் நீல மையில் எழுதி வைத்த போன்கள் எல்லாம், நான் எழுதிக்கொண்டிருந்தபோதே கடையை விட்டுப் போயிருந்தன.

எனக்கு வியர்த்துவிட்டது. ஓரமாக வந்து மனைவிக்கு போன் போட்டேன். மிஸ்டு கால் இல்லை, நிஜக் கால்.

"ஒன் போன் என்ன மாடல்?"

"யாருக்குத் தெரியும்? கருப்பு. எதுக்குக் கேக்குதீங்க?"

"அதையே வாங்கிரலாம்னு பாக்கேன்."

"அப்ப நல்லது. சார்ஜர் ஒண்ணு போதும்."

மனைவியின் போன் முந்தின வருஷம் வந்தது. அந்த மாடலில் பழைய ஸ்டாக் ஒன்று கிடக்கிறது, ஆஃபரில் தருகிறோம் என்றாள் அந்தப் பெண். என் நோட்டில் அது கடைசிக்கு முந்தின இடம். வெளிச்சம் போதாது, 4+4, இரண்டு பொய்க் கேமரா என்று பக்கம் முழுக்கச் சிவப்பு மை. வாங்கிவிட்டேன். பில் போடுகிற இடத்தில் இன்னொருத்தி பவுச், ஸ்கிரீன் இன்ஷூரன்ஸ் என்று அடுக்க, எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஒன்றுக்கு மட்டும் உஷாராக மறுத்தேன். திரைமேல் ஒட்டுகிற டெம்பர்டு கிளாஸ். அதை வெளியே பிளாட்பாரத்தில் பாதி விலைக்கு ஒட்டிக்கொள்ளலாம் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கிளாஸ்தான் என்னைப் பிடித்த சனி. யாருடன் பேசினாலும் நடுவில் என் குரல் அவர்களுக்குக் கேட்காமல் போகும். சில சமயம் கட் ஆகும். சில சமயம் பேச்சுக்கு நடுவே வேறு யாருக்கோ கால் போகும். அக்கா, தம்பிக்கு வர வர மரியாதை இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். நோட்டு எழுதியவனுக்குச் சந்தேகம் வருமா? உற்பத்திக் குறைபாடு என்று தீர்மானித்து, நுகர்வோர் சட்டத்தைப் பற்றி நாலு வரி மனப்பாடம் செய்துகொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே டோக்கன் போட்டு உட்கார்ந்து, கவுன்டரில் இருந்த பையனிடம் குரலை உயர்த்திப் பேசினேன். அவன் பதிலே சொல்லாமல் நகத்தால் கிளாஸை நெம்பி உரித்தான். "இப்பப் பேசுங்க சார்." பேசினேன். போன் காதுக்குப் பக்கத்தில் வந்தால் திரை தானாக அணைவதற்கு மேலே ஒரு சென்சார் இருக்கிறதாம். மட்டமான கிளாஸ் அதை மறைத்துவிட்டதால் திரை அணையாமல் கிடந்து, என் கன்னம் இத்தனை நாளும் பட்டன் அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவன் காசு வாங்கவில்லை. மனப்பாடம் செய்த சட்டம் இன்னும் நினைவில் இருக்கிறது; யாருக்காவது தேவைப்பட்டால் சொல்லலாம்.

போன் அடித்தால் எடுக்கத் தெரியாமல் பச்சைப் பொத்தானைக் குத்திக் குத்திப் பார்த்ததையும், அது மேலே இழுக்க வேண்டியது என்று தெரிவதற்குள் பாதிச் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொண்டதையும் விவரிக்கவில்லை. எல்லோருக்கும் நடந்திருக்கும். பழைய நம்பர்களை ஏற்றிய கதை மட்டும் என்னுடையது. சிம் கார்டில் ஒரு பெயருக்கு இடம் கொஞ்சம்தான். நானோ ஆங்கில எழுத்தில் பாதிப் பெயரை அடித்து வைத்திருந்தேன். அதே நம்பருக்குப் புது சிம் வாங்கியதால் எல்லாவற்றையும் அக்கா மகன் ஒவ்வொன்றாகப் பார்த்து ஏற்றினான்.

"மாமா, 'ராஜா வே'ன்னு ஒண்ணு இருக்கே. வேலூரா, வேலையா?"

எனக்கு ஞாபகமில்லை. போட்டுத்தான் பார்ப்போமே என்று போட்டேன். கைமாற்றுக் கேட்டு விடாமல் துரத்தி, நான் நம்பரை மாற்றிவிட்டதாகச் சொல்லித் தப்பித்திருந்த ராஜா. வேண்டாம் என்பதைத்தான் அப்படி வைத்திருக்கிறேன். "நம்பர் மாத்தல போலிருக்கே அண்ணாச்சி" என்றார் மனிதர். இப்போது காலை வணக்கம் அனுப்புகிறார், தினமும், பூவோடு.

தட்டச்சு செய்ய விரல் வளையவில்லை என்று வாயால் சொல்லி எழுத வைக்கிற வசதிக்குப் போனேன். "ஏல, எங்க இருக்க?" என்று அக்கா மகனுக்குச் சொன்னேன். 'ஏலக்காய் எங்கே இருக்கு' என்று போயிருக்கிறது. அவனும் கடையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். பாயசம் வைத்தோம்.

முதல் தடவை டீக்கடையில் நானே ஸ்கேன் செய்த நாளைச் சொல்லாமல் விடக்கூடாது. பன்னிரண்டு ரூபாய்க்குப் பதில் நூற்றிருபது என்று அடித்துவிட்டேன். கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தச் சத்தப்பெட்டி, 'நூற்றிருபது ரூபாய் பெறப்பட்டது' என்று தெரு கேட்க அறிவித்தது. மாஸ்டர் திருப்பித் தர முன்வந்தார். அதற்குள் எனக்கு இதுவரை டீ வாங்கித் தந்த முகங்கள் சில அங்கேயே நிற்பது தெரிந்தது. "எல்லாருக்கும் போடுங்க" என்றேன். "சார் டச் போன் வாங்கிட்டாங்க போல" என்று ஒருவர் சொன்னார். கேலி முழுசாகவும் மரியாதை முழுசாகவும் இருந்தது.

இத்தனைக்கும் நடுவில் நான் தாக்குப்பிடிக்கிறேன் என்றால் காரணம், வீட்டில் அதே போன் இன்னொன்று இருப்பதுதான். ராத்திரி கரண்ட் போய் டார்ச் எங்கே என்று தடவிக்கொண்டிருந்தால், அடுக்களையிலிருந்து மனைவி தன் போனைப் பார்த்தபடியே சொல்வாள்: "மேல இருந்து கீழ இழுங்க. ரெண்டாவது படம்." ரெண்டாவது படம்தான். வேறு எந்தப் போன் வாங்கியிருந்தாலும் அந்தப் படம் வேறு எங்கேயோ இருந்திருக்கும். நோட்டில் முதல் இடம் பிடித்த போனுக்கு இப்படி ஒரு சர்வீஸ் சென்டர் கிடையாது. சுருக்கமாகச் சொன்னால் நான் இன்னும் அவள் போனில்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். ரீசார்ஜ் மட்டும் தனி.

இரண்டு நட்சத்திரம் போட்ட அப்டேட் விஷயத்தைக் கடையில் கேட்க மறந்துவிட்டேன். பிறகு பார்த்தேன். பழைய ஸ்டாக் என்பதால் எனக்கும் அவளுக்கும் ஒரே சமயத்தில் நின்றுபோகிறது. மறுபடியும் வாங்க வேண்டும், ஜோடியாக.

அதனால் என் வயசில் முதல் டச் போன் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சந்தேகம் வந்தால் வீட்டில் யாரிடம் கேட்பீர்களோ அவர் வைத்திருக்கிற கம்பெனி போனையே வாங்குங்கள், அப்டேட் எந்த வருஷம் வரை என்று பில் போடும் முன்னால் கேளுங்கள், கிளாஸைக் கடையிலேயே ஒட்டிக்கொள்ளுங்கள். நோட்டு வேண்டும் என்றாலும் தருகிறேன். அதில் இருக்கிற மாடல் எதுவும் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.